சேலத்துக்குப் போய்வந்ததும் அம்மா சொன்ன நேரமும்

இன்னும் பிறக்காத என் மகளுக்கு,

நீ எந்த வருஷத்தில் பிறப்பாய், எந்த ஊரில் வளர்வாய் என்று எனக்குத் தெரியாது. நீ வளர்ந்து என் வயதை எட்டும் முன்னால் இந்த நோட்டை உன் கையில் கொடுக்க வேண்டும் என்று நினைத்து எழுதுகிறேன். இப்போது எனக்கு வயது பதின்மூன்று. மாசியில் பதினாலு முடிகிறது. அதற்கு முன்னால் என்னைக் கட்டிக்கொடுத்தால் சர்க்கார் சட்டப்படி குற்றமாம். அதனால் சித்திரையில் முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்று பேசியிருக்கிறார்கள். கடலை மூட்டை அடுக்கிய அறையில், விளக்குத் திரியை இறக்கி வைத்துக்கொண்டு, பள்ளிக்கூட நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். வெளியே யாராவது புரண்டு படுத்தால்கூட நோட்டை மூடிவிடுகிறேன். உயிரோடு இருக்கிற யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. அதனால்தான் நீ வேண்டியிருக்கிறாய்.

என் அப்பாவை நீ அப்பச்சி என்று கூப்பிடுவாய். அவரைப் பற்றி முதலில் சொல்கிறேன். சேந்தமங்கலத்துக்கு வெளியே எங்கள் காடு இருக்கிறது. கடலையும் சோளமும் போடுகிறோம். அப்பா சிறுவயதில் சேலத்தில் தங்கி நான்காம் பாரம் வரை படித்தவர். அங்கே கிரிக்கெட் ஆட்டத்தில் பந்து வீசுவாராம். அவருடைய அப்பா திடீரென்று இறந்துபோனதால் படிப்பை விட்டுவிட்டு வந்து, கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஏற்றத்தின் வடத்தைப் பிடித்தார். ஆனால் பந்தை மட்டும் விடவில்லை. அறுப்பு முடிந்த களத்தில் மூன்று குச்சி நட்டு, ஒரு பழைய பந்தைத் தனியாக வீசுவார். பொறுக்கிக் கொடுக்கிற ஆள் நான்தான். பத்திரிகை இரண்டு நாள் கழித்து எங்கள் ஊருக்கு வரும். யார் எத்தனை ஓட்டம் எடுத்தார்கள் என்று நான் சத்தம் போட்டுப் படிக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "இரு, இரு, அந்த அஞ்சாவது ஆளு எப்படி அவுட்டானான்? மறுக்காப் படி சாமி," என்பார். காட்டில் வேலை செய்கிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். "ஏனுங் பண்ணாடி, வெள்ளைக்காரன் சில்லாங்குச்சியில இன்னைக்கு ஆரு கெலிச்சாங்க?" என்று கேட்பார்கள். அப்பாவும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்.

போன கார்த்திகையில் சேலத்து மண்டிக்காரர் ஒருவர் அப்பாவுக்கு ஒரு கார்டு எழுதியிருந்தார். சென்னையில் அடைமழை, மைதானமெல்லாம் தண்ணீர் நிற்கிறது, அதனால் அங்குள்ள ஆட்டக்காரர்கள் ஒரு கூட்டமாகச் சேலத்துக்கு வந்து பத்து நாள் தங்கிப் பழகப்போகிறார்கள், பொங்கலை ஒட்டி நடக்கும் பெரிய ஆட்டங்களுக்கு இங்கேதான் தயாராகிறார்கள் என்று அதில் இருந்தது. அப்பா அந்தக் கார்டைச் சாப்பாட்டு நேரத்தில் மூன்று தடவை படித்தார். பிறகு, "எல்லாரும் போறோம்," என்றார்.

"எல்லாருமுன்னா?" என்றாள் அம்மா.

"நீ, நான், புள்ள."

"நானெதுக்குங்க? ஒரு பந்த நாலு பேரு தொரத்தறதப் பாக்கறதுக்கா?"

"நாலு பேரில்ல புள்ள, பதினொருத்தரு."

"அப்ப இன்னும் மோசம்," என்றாள் அம்மா. ஆனால் அன்றைக்கே அவள் வழிக்கு ஒப்புட்டு சுடக் கடலைப்பருப்பு எடுத்து வைத்துவிட்டாள்.

ஆட்டம் நடக்கும்போது கூட்டம் நெரியும், பெண்பிள்ளையைக் கூட்டிப்போக முடியாது என்று அப்பா எனக்கு விளக்கினார். பழகும்போது போனால் கூட்டம் இருக்காது. கயிற்றுக்குப் பக்கத்திலேயே நிற்கலாம். அவர்கள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். என் சிலேட்டில் அவர் வழி போட்டுக் காட்டினார். வெள்ளிக்கிழமை விடியலில் கிளம்பி, இருட்டுவதற்குள் ஆட்டையாம்பட்டி. அங்கே அப்பாவின் அக்கா, என் அத்தை இருக்கிறாள். எங்கள் மாட்டை அங்கே கட்டிவிட்டு, அத்தை வீட்டு மாட்டைப் பூட்டிக்கொண்டு கோழி கூப்பிடும் முன் புறப்பட்டால் காலையில் சேலம். நாள் முழுக்கப் பார்த்துவிட்டு இரவு அத்தை வீடு, ஞாயிற்றுக்கிழமை நம் வீடு. எட்டு நாள் அந்தச் சிலேட்டை நான் அழிக்கவே இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனேன். எந்த மாட்டுக்கு லாடம் கட்ட வேண்டும், வண்டிக்குள் எவ்வளவு வைக்கோல் பரப்ப வேண்டும், எனக்கு வெயில் பட்டால் தலைவலி வருமே, குடை எங்கே, எல்லாவற்றையும் அவர் யோசித்தார். நீ இதை நினைவில் வைத்துக்கொள். ஒருவர் உன் தலைவலியைக்கூடக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஒரு பயணம் போடுகிறார் என்றால், அந்தப் பயணத்தை இழக்காமலிருக்க நீ எதை வேண்டுமானாலும் செய்வாய்.

நான் செய்தது இதுதான். புறப்படுவதற்கு மூன்று நாள் இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மணி அடித்து, டீச்சர் தேசப்படத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தபோது, நான் பெரியவளானேன். எங்கள் வகுப்பில் எனக்கு முன்னால் நான்கு பேருக்கு அப்படி ஆகியிருந்தது. நான்கு பேரும் மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் வரவில்லை. தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குச்சு கட்டி அதில் உட்கார வைப்பார். பதினாறு நாள் ஆண் முகம் பார்க்கக் கூடாது. அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சு. எனக்கு அதெல்லாம் அப்போது நினைவுக்கே வரவில்லை. வெள்ளிக்கிழமை வண்டி கிளம்பாது என்பது மட்டும்தான் தோன்றியது. அம்மாவின் பழைய சேலையில் ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஊரெல்லையில் கருப்பணார் கோயிலில் வண்டியை நிறுத்தினார் அப்பா. எந்தப் பயணத்துக்கும் அங்கே சூடம் கொளுத்தாமல் நாங்கள் போவதில்லை. காலில் முள் குத்திவிட்டது என்று சொல்லி நான் வண்டியிலேயே இருந்துகொண்டேன். அம்மா திருநீறு கொண்டுவந்து என் நெற்றிக்குக் கையை நீட்டினாள். நான் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவள் கை அப்படியே நின்றது.

"எப்ப?" என்றாள், உதடு அசையாமல்.

"செவ்வாக்கெழமெ."

அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் குனிந்து அச்சாணியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தார். அவர் பாடி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அம்மா உள்ளங்கையிலிருந்த திருநீற்றைக் காற்றில் ஊதிவிட்டாள். "வாயத் தொறந்தீன்னா கொன்னுபோடுவேன்," என்று என்னிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறி, "நேரமாச்சுங்க, ஓட்டுங்க," என்றாள்.

என் மகளே, அம்மாவைப் பற்றி நான் அதுவரை தப்பாக நினைத்திருந்தேன். அவளுக்குச் சமையலும் சாமியும் தவிர எதுவும் தெரியாது என்று நினைத்திருந்தேன். கோயில் வாசலில் தீட்டை மறைப்பது என்றால் எங்களிடையே அது சின்னக் காரியமில்லை. அவள் அதைச் செய்தது எனக்காகவா, பாடிக்கொண்டிருந்த அவருக்காகவா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

ஆட்டையாம்பட்டியில் அம்மா என்னை வீட்டுக்குள் விடவில்லை. வயிற்றுக் கடுப்பு, வண்டியிலேயே படுக்கட்டும் என்று சொன்னாள். அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பார்த்தாள். "ஏன்டா தம்பி, பொட்டப்புள்ளைய ஊரூராக் கூட்டிட்டுப் போயி ஆட்டங் காட்டறயே, நாளைக்கு இவள ஆரு கட்டுவா?" என்றாள்.

"உம்மவன் கட்டாட்டிப் போறான், போ அக்கா. எம்புள்ள சேலத்துல தங்கிப் படிக்கப் போறா."

"படிச்சுப்போட்டு?"

"எனக்குப் பேப்பரு படிப்பா."

அத்தை தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

சேலத்து மைதானத்தைப் பற்றி உனக்கு எவ்வளவோ சொல்ல ஆசை. புல்லில் பனி காயவில்லை. வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் எட்டுப் பத்துப் பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே கயிறு கட்டியிருந்தது. அப்பா சொன்னபடியே நாங்கள் அதைத் தொட்டுக்கொண்டு நின்றோம். குச்சிகளுக்குப் பின்னால் நின்ற ஆளைப் பார்த்து அம்மா, "அவனெதுக்குங்க கைக்குத் தலவாணி கட்டிட்டு நிக்கறான்?" என்று கேட்டாள். அப்பா சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அம்மாவே, "அட, விட்டுப்போட்டானே! ஒரு கூடையக் குடுத்தா நாம் புடிப்பேன்," என்று சொல்லத் தொடங்கிவிட்டாள்.

எங்களுக்கு நேராக, தலை நரைக்கத் தொடங்கிய ஒருவர் பந்து வீசிக்கொண்டிருந்தார். பத்திரிகையில் நான் பல தடவை வாசித்த பெயர் அவருடையது. தரையில் ஒரு கைக்குட்டையை விரித்து, அதன்மேல் பந்து விழும்படி வீசிப் பழகினார். முதல் பந்து தள்ளி விழுந்தது. அடுத்ததும் அப்படியே. நான் எண்ணினேன், பதினாறு பந்துக்குப் பிறகுதான் ஒன்று துணியில் பட்டது. அவருக்குக் கோபம் வரவில்லை. ஒவ்வொரு முறையும் நடந்துபோய்ப் பந்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் வந்தார். அப்பா என் காதருகே குனிந்து, "பேப்பர்ல இவரு தப்புப் பண்ணுனதே வராது. இதப் பாக்கோணுமுன்னுதான் உன்னையக் கூட்டிட்டு வந்தேன் சாமி," என்றார். ஒரு பந்து உருண்டு கயிற்றைத் தாண்டி என் காலடிக்கு வந்தது. நான் அதை எடுத்து, களத்தில் வீசுவதுபோலவே கையைச் சுற்றி வீசினேன். அவர் பிடித்துக்கொண்டு, "பலே!" என்றார். அப்பா சுற்றிலும் நின்றவர்களை ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார், எல்லோரும் பார்த்தார்களா என்று. அந்த நாளுக்காகப் பொய் சொன்னதற்கு நான் வருத்தப்படவில்லை. உன்னிடம் அதை மறைக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவு வீடு வந்தோம். திங்கட்கிழமை விடியலில், கோழி கூப்பிடும் நேரத்தில், அம்மா அப்பாவை எழுப்பி, "ஏனுங்க, புள்ள பெரிய மனுசியாயிட்டா," என்றாள், அப்போதுதான் நடந்ததுபோல. திங்கள் நல்ல கிழமை, விடியல் நல்ல பொழுது என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். பஞ்சாங்கம் பார்க்க அவளுக்குத் தெரியாது. அப்பா எழுந்ததும் முதல் வேலையாகச் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து, விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்து, மணியையும் நிமிஷத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்தார். பெண் பெரியவளான நேரத்தை வைத்துத்தான் எங்களிடையே அவளுக்கு ருது சாதகம் எழுதுவார்கள். பிறந்த நேரத்தைவிட அதற்குத்தான் மதிப்பு. ஓட்டக் கணக்கில் ஒன்று தப்பினாலும் பொறுக்காத என் அப்பா, பொய்யான ஒரு நேரத்தை நிமிஷம் பிசகாமல் எழுதி மடித்து வைத்துக்கொண்டார். குச்சு கட்டுவதற்கு முன் அந்தக் கொஞ்ச நேரம் நான் வாசற்படியில் நின்று அதைப் பார்த்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம்.

பதினாறாம் நாள் சோசியர் வந்தார். கட்டம் போட்டார். விரல் விட்டு எண்ணினார். பிறகு சீருக்கு வந்திருந்த அத்தையைப் பார்த்துத்தான் பேசினார், அப்பாவைப் பார்க்கவில்லை. இந்த நேரம் தகப்பனுக்கு ஆகாது. வருஷத்துக்குள் பெண்ணை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அதுவரை தகப்பனும் மகளும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக் கூடாது. மீறினால் தகப்பன் உயிருக்கு ஆபத்து. அத்தை அழத் தொடங்கினாள். அப்பா முதலில் சிரித்தார். "கட்டத்துல உக்காந்திருக்கறவனா வந்து என்னையத் தள்ளிப்போடுவான்? சும்மாரு அக்கா," என்றார். அன்று மாலை என்னைக் கூப்பிட்டுப் பத்திரிகையும் படிக்கச் சொன்னார். சேலத்தில் நாங்கள் பார்த்தவர்களின் முதல் ஆட்டம் அதில் வந்திருந்தது.

மறுநாள் காலையில் கிணற்றில் வடம் அறுந்தது. நுகத்தடி எகிறி அப்பாவின் தோளில் அடித்து, கிணற்று விளிம்பு வரை அவரைத் தள்ளிக்கொண்டு போயிற்று. ஒரு கல்லைப் பிடித்துத்தான் தப்பினார். வலது தோள். பழைய வடம், மாற்ற வேண்டும் என்று அவரே ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் கட்டிலில் படுத்திருந்தபோது அவர் கண்ணில் நான் பயத்தைப் பார்த்தேன். அவருடைய அப்பாவும் திடீரென்றுதான் போனார். நான் கஞ்சி கொண்டுபோனேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பி, "அங்க வெச்சுட்டுப் போ சாமி," என்றார்.

அதற்குப் பிறகு இன்றுவரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் வருவதற்கு முன் வாசலில் நின்று ஒரு தடவை செருமுகிறார். நான் உள் அறைக்குப் போய்விட வேண்டும். நான் போன பிறகு வந்து சாப்பிடுகிறார். சில நாள் நான் கொஞ்சம் தாமதிக்கிறேன், மறுபடி செருமுவதைக் கேட்பதற்காக. இரண்டாம் தடவை செருமும்போது குரல் மெதுவாக இருக்கும். பத்திரிகை வருகிறது. அவரே படிக்கிறார் போலிருக்கிறது. பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அத்தை தன் மகனுக்கே என்னைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். தம்பி உயிருக்காக அவள் செய்கிற பெரிய உபகாரம் இது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.

எனக்கு உண்மையான நேரம் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். சொன்னால் சோசியர் வேறு கட்டம் போடுவார். ஆனால் சொன்னால், கருப்பணார் கோயில் வாசலில் தெரிந்தே மறைத்தவள் அம்மா, அத்தை வீட்டு வாசலில் தெரிந்தே பொய் சொன்னவள் அம்மா. வடம் அறுந்ததற்கு அவளைத்தான் காரணம் சொல்வார்கள். அவளைப் பிறந்த வீட்டுக்குத் துரத்தும்வரை அத்தை ஓயமாட்டாள். அப்பா அதைத் தடுப்பாரா என்று முன்பு கேட்டிருந்தால், தடுப்பார் என்று யோசிக்காமல் சொல்லியிருப்பேன். சுவர்ப்பக்கம் திரும்பியவரை இப்போது எனக்கு அவ்வளவாகத் தெரியாது. இன்னொரு பயமும் இருக்கிறது. உண்மையான நேரத்துக்குக் கட்டம் போட்டு, அதிலும் இதையே சோசியர் சொல்லிவிட்டால்?

நாளைக்கு அப்பா ஆட்டையாம்பட்டிக்கு உப்புச் சக்கரை மாற்றப் போகிறார். உப்பும் சக்கரையும் கைமாறிவிட்டால் சம்பந்தம் உறுதி. பிறகு எந்த உண்மைக்கும் பயனில்லை. இன்று சாயங்காலம் அம்மா எனக்குத் தலை சீவிக்கொண்டே, "சொல்லுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு சாமி. நானே அவருகிட்டச் சொல்லிப்போடறேன். என்னமோ ஆகட்டும்," என்றாள். விடியட்டும் என்றேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தெரியும்? பதின்மூன்று வருஷத்தில் கற்றது கொஞ்சம்தான். நீ பெரியவளாகும் அந்த நாளில் என்னிடம் வா. பயந்தபடியே வா, பாதகமில்லை. அப்போது மணி என்ன என்று நான் கேட்கமாட்டேன். வீட்டில் வேறு யாராவது கடிகாரத்தை எடுத்தால் பிடுங்கி வைத்துவிடுவேன். நீ பொய் சொன்னாலும் உன்னைக் கடிந்துகொள்ள மாட்டேன். ஆனால் உனக்காக நான் பொய் சொல்ல வேண்டிவந்தால், அதை எங்கே கொண்டுபோய் முடிப்பது என்று முதலிலேயே உன்னோடு உட்கார்ந்து பேசிக்கொள்வேன். நானும் அம்மாவும் அதைச் செய்யவில்லை. அந்த ஒரு நாளுக்கு மட்டும் யோசித்தோம். அடுத்த நாளைப் பற்றி இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

விடிந்துவிட்டது. மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். வண்டி பூட்டும் சத்தம் கேட்டு நான் வாசலுக்குப் போனேன். செருமல் கேட்டது. நான் உள்ளே போகவில்லை. அப்பா மாட்டுக்கு மறுபக்கம் போய், அதன் கழுத்துக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். புது வேட்டி கட்டியிருந்தார். வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் கயிற்றை முடிந்தார். அம்மா உப்பும் சக்கரையும் வைத்த தட்டை ஏந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தால் போதும். அவள் தட்டைக் கீழே வைத்துவிடுவாள். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"போயிட்டு வாங்கப்பா," என்றேன்.

மாட்டுக்குப் பின்னாலிருந்து இடது கை மட்டும் நீண்டு அதன் கழுத்தைத் தட்டியது. "வாரேன் சாமி," என்றார் பிறகு.

அம்மா தட்டை வண்டியில் வைத்தாள். மாடு நடந்தது. நான் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அந்த நேரம் பொய் என்று எனக்குத் தெரியும். கட்டமும் பொய், வடம் பழசு, எல்லாம் தெரியும். தெரிந்தும், அவர் திரும்பிப் பார்த்தால் என் முகம் அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று, வண்டிச் சத்தம் ஓயும்வரை கதவிடுக்கில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றேன்.

உன் அம்மா